ஊமைப் படத்துக்குப் போன ஏழு பேர்

முப்பது வருஷமாக எனக்கு சினிமா என்றாலே எரிச்சல்தான். ஏழு வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. அதுவரை காதில் விழுந்த தமிழும், வீட்டில் பேசும் எங்கள் சௌராஷ்டிர பாஷையும் வாயில் தங்கிவிட்டன. அதனால் பேசுவேன். எதிரில் நின்று யாராவது பேசினால் உதட்டைப் பார்த்துப் பாதிக்கு மேல் பிடித்துக்கொள்வேன். ஆனால் சினிமாவில் வருகிறவர்கள் எனக்காக உதட்டைக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை. முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போதுதான் கதாநாயகன் ஜன்னல் பக்கம் திரும்பி முதுகைக் காட்டுவான். வில்லன் இருட்டில் உட்கார்ந்து பேசுவான். டப்பிங் படமென்றால் இன்னும் மோசம், உதட்டில் ஒரு பாஷை, கதையில் வேறு பாஷை. பக்கத்தில் இருப்பவரைத் தொட்டு, என்ன சொன்னான் என்று கேட்டால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே "அப்புறம் சொல்றேன்" என்பார்கள். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது. அந்த அப்புறம் இன்னும் வரவில்லை.

என் வீட்டுக்காரர் பிறவியிலேயே காது கேளாதவர். கொட்டாம்பட்டிக்காரர், மதுரையில் ஒரு லேத் பட்டறையில் வேலை. அங்கே மற்றவர்கள் எல்லாம் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் வீட்டுக்குப் போவார்கள், இவர் மட்டும் நிம்மதியாக வருவார். நான் சிம்மக்கல்லில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் டிசைன் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் இருவரையும் சேர்த்துக் காது கேளாதவர்கள் ஏழு பேர் எங்கள் வீட்டு மாடியில் கூடுவோம். அதில் ஒருவர் டவுனுக்குள் தையல்கடை வைத்திருக்கும் பாய். எங்கள் கூட்டத்தில் வாயாடி அவர்தான், வாயையே திறக்காமல்.

எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. ஆளுக்கு ஒரு ஜாடை வைத்துவிடுவோம், அதுதான் பெயர். பாய்க்கு, அளவு நாடாவைக் கழுத்தில் போடுவது. என் வீட்டுக்காரருக்கு, மீசையில் இருக்கும் தழும்பு. எனக்கு, மூக்கு நுனியில் ஒரு விரல். எனக்குக் கோபம் எங்கே இருக்கிறது என்று இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பழைய படங்களைக் கண்டுபிடித்துப் போனில் காட்டியது பாய்தான். நம் நாட்டில் சினிமா என்ற ஒன்று வந்த புதிதில், ஒரு மனிதர் தன் வீட்டையும் தோட்டத்தையுமே ஸ்டுடியோவாக்கி எடுத்த ஊமைப் படங்கள். அவர் எடுத்ததில் பெரும்பாலானவை அழிந்துபோய், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துண்டுகள்தான் மிச்சம். கேமரா ஒரு இடத்தில் நிற்கும். எல்லோரும் அதன் முன்னால் வந்து, முகத்தைக் காட்டி, உடம்பு முழுவதையும் காட்டி நடிப்பார்கள். பெண்கள் நடிக்க வராத காலம் என்பதால் ஆண்களே சேலை கட்டியிருப்பார்கள். முந்தானையைச் செருகும் வேகத்திலேயே வேட்டி கட்டிப் பழகிய கை தெரிந்துவிடும். ஒரு துண்டில் மாயமாக ஒரு பானை வந்து நிற்கும், அடுத்த நொடி பானை இருந்த இடத்தில் ஆள் நிற்பான். அன்று எங்கள் மாடியில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம். சிரிப்பதற்காக யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

அந்த டைரக்டருக்கும் பாய் ஒரு ஜாடை வைத்தார். கைத்தையல் மெஷினின் கைப்பிடியைச் சுற்றுவதுபோல் காதருகே ஒரு சுற்று. அந்தக் காலத்துக் கேமராவைக் கையால்தான் சுற்ற வேண்டுமாம். அன்றிலிருந்து அவரும் எங்கள் ஆள்.

போன வருஷம் எங்கள் அச்சகத்துக்கு ஒரு அழைப்பிதழ் வேலை வந்தது. ஊரில் உள்ள ஒரு திரைப்படச் சங்கம் அந்த டைரக்டரின் ஆரம்பகாலப் படங்களைத் திரையிடுகிறது, ஞாயிறு மாலை நான்கு மணி, நேரடி இசையுடன். கூடவே சங்கச் செயலாளர் எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் இருந்தது. கடைசியாகத் திரையிடப்போகும் துண்டில், காட்சிகளுக்கு நடுவே வரவேண்டிய எழுத்து அட்டைகள் தொலைந்துவிட்டன, எனவே கதை யாருக்கும் தெரியாது. கைவிடப்பட்ட ஒரு மனைவி, நாணத்தால் அடிக்கடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்பது அவருடைய கணிப்பு. எல்லாவற்றையும் டைப் அடித்துக் கீழே பெரிய எழுத்தில் "அனைவரும் வருக" என்று போட்டேன். அவர் கொடுத்த அளவைவிட அந்த எழுத்தை ரெண்டு பாயின்ட் கூட்டித்தான் போட்டேன்.

போகப்போகிறோம் என்று தெரிந்ததும் என் அண்ணன் வீட்டுக்கு வந்தார். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். நல்லவர், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தவர். ஆனால் என் குரலைக் கண்டால் அவருக்குப் பயம். கல்யாண வீட்டில் நான் வாயைத் திறந்தால் தூரத்திலிருந்து உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டுவார், சத்தத்தைக் குறை என்று. உன் குரல் எப்படி இருக்கிறதென்று உனக்குத் தெரியாது, எங்களுக்குத்தான் தெரியும் என்று ஒரு முறை சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு பஸ்ஸிலும் கடையிலும் நான் போனில் டைப் அடித்துக் காட்ட ஆரம்பித்தேன். என் குரல் வீட்டுக்குள் மட்டும் புழங்குவதாகிவிட்டது.

"ஊமைப் படத்துக்கு நீங்கள்லாம் கூட்டமா போனா ஊரே சிரிக்கும். போன்ல பாக்குறதப் பாரு, போதும்" என்றார். ஊமை என்ற சொல்லைத் தெருவில் எத்தனை பேர் என் முதுகுக்குப் பின்னால் சொல்லியிருப்பார்கள். படத்துக்கு அதே பெயர் வைத்துவிட்டு, அதைப் பார்க்க எங்களுக்குத் தகுதியில்லை என்றால் எப்படி?

திரையிடல் நடந்தது ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்த சின்ன ஹாலில். எழுபது, எண்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். நடுவழியில் ஒரு மேஜை, அதன் மேல் புரொஜெக்டர். முகம் தெரிய வேண்டும் என்பதால் நாங்கள் முன்வரிசையில் போய் உட்கார்ந்தோம். திரைக்குப் பக்கத்தில் கீபோர்டும் தபேலாவுமாக இரண்டு இளைஞர்கள். தபேலா வாசித்தபோது நாற்காலியின் அடி அதிர்ந்தது. எனக்கு அது கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது.

அரைமணி நேரத்தில் எங்கள் லட்சணம் வெளியே வந்துவிட்டது. பானை ஆளாக மாறிய இடத்தில் என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்தால் தெருக்கோடி வரை கேட்குமாம். பாய் எங்கள் ஏழு பேரில் ஒருவரான தன் வீட்டம்மாவைக் கூப்பிடத் தரையில் காலைத் தட்டினார், அதிர்வு போய்ச் சேரும், திரும்பிப் பார்ப்பார், எங்கள் வழக்கம் அது. மரத்தளம் என்பதால் ஹாலுக்கே அதிர்வு போய்ச் சேர்ந்தது. முதல் படம் முடிந்ததும் நாங்கள் கைதட்டினோம். எங்கள் கைதட்டல் என்பது இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டுவது. அடுத்த படம் அதற்குள் தொடங்கிவிட்டிருந்தது. புரொஜெக்டர் எங்களுக்குப் பின்னால் இருக்கிறது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திரையில் ஒரு அரசசபை. ராஜாவின் முகத்தில் பதினான்கு கைகள் முளைத்து ஆடின.

நாங்கள் அதைப் பார்த்து இன்னும் சிரித்தோம். பின்னால் திரும்பினால் யாரும் சிரிக்கவில்லை.

இடைவேளை விட்டதும் செயலாளர் நேராக எங்களிடம் வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். அவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம். எனக்குப் புரியட்டும் என்று வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தையும் மென்று மென்று பேசினார். அப்படிப் பேசினால் ஒன்றும் புரியாது. சாதாரணமாகப் பேசுங்கள் என்று போனில் அடித்துக் காட்டினேன்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கையி திரையில விழுகுது. அதுபோக சவுண்டு. வாசிக்கிற தம்பிகளுக்கு டிஸ்டர்ப்பா இருக்காம்."

கை விழுந்தது எங்கள் தப்பு, மன்னிக்கவும் என்று அடித்தேன். அது நிஜம்தான்.

"ஒண்ணு செய்வோம். உங்களுக்குன்னு தனியா ஒரு ஷோ போட்டுருவோம். நாளைக்குத் திங்கக்கெழம, காலைல பத்து மணி. மியூசிக் கெடையாது. எம்புட்டு வேணும்னாலும் கைய ஆட்டுங்க, சிரிங்க. இப்ப வீட்டுக்குப் போயிட்டு வாங்க."

அவர் அதை ஒரு உபகாரமாகச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் லேத்தில் நிற்பார், பாய் கடையில் இருப்பார், நான் அச்சகத்தில் இருப்பேன். எங்களுக்கு வேலைவெட்டி கிடையாது என்று எப்படி நினைத்தார்? அதைவிட, தனியாக என்ற சொல். தனிப் பந்தி, தனி பெஞ்சு, தனி வரிசை. சின்ன வயதிலிருந்து பார்த்த எல்லாத் தனியும் எனக்கு ஞாபகம் வந்தது. கைப்பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, கடைசி வரியில் விரலை வைத்தேன். போனில் அடித்தேன்: "இதை டைப் அடித்தது நான்."

அவர் அதைப் படித்துவிட்டு, புரொஜெக்டருக்குப் பின்னால் கடைசி வரிசையைக் காட்டினார். அங்கே உட்கார்ந்தால் கை விழாதே என்றார். அங்கிருந்து நடிப்பவர்களின் கண் தெரியாதே என்று அடித்தேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு, போதும், வா போகலாம் என்றார் கையால். பாயும் தலையாட்டினார். எனக்கு இருவர் மீதும் கோபம் வந்தது. முன்வரிசைக்கு முன்னால் தரை காலியாகக் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தபடியே கையை உயர்த்திக் காட்டினேன். வெளிச்சம் எனக்கு மேலே போனது, விரல் நுனிகூடத் திரையில் விழவில்லை. பிறகு போனை நீட்டினேன்: "தரை டிக்கெட். இங்கே இருப்பவன் சிரிக்கக் கூடாது என்று மதுரையில் எந்தத் தியேட்டரில் சொன்னார்கள்?"

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் காலைத் தட்டாமல் பாத்துக்கங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆறு பேரும் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடைசித் துண்டு. பத்து நிமிஷம் இருக்கும். ஒரு வாசல், ஒரு பெண், அதாவது சேலை கட்டிய ஒரு ஆண். ஒரு கடிதத்தைப் பிரிக்கிறாள். படிக்கிறாள். திடீரென்று வலது பக்கம், திரைக்கு வெளியே பார்க்கிறாள். மறுபடி கடிதம். மார்பில் கை வைக்கிறாள். மறுபடி வலது பக்கம். குறிப்பில் எழுதியிருந்த நாணம் இதுதான்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் மடியில் இருந்த கையைக் காதருகே கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கள் ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அது வெட்கம் இல்லை, அங்கே வலது பக்கம் ஒரு ஆள் இருக்கிறது. டைரக்டர் நிற்கிறார். சத்தம் பதிவாகாத காலம், கேமரா ஓடும்போதே அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்: இப்போது படி, இப்போது கையை வை, இப்போது அழு. அந்த நடிகர் பாவம், தப்பாகிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு தடவையும் அவரைப் பார்த்துவிட்டு, லேசாகத் தலையாட்டிவிட்டுச் செய்கிறார்.

விளக்கைப் போட்டார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து ஏதோ பேசினார், மைக் உதட்டை மறைத்ததால் எனக்கு ஒரு சொல்லும் தெரியவில்லை. ஆனால் இரண்டு பேர் எழுந்து ஏதோ சொன்னதைப் பார்த்து, கருத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. கையைத் தூக்கினேன்.

அவர் குனிந்து, "எழுதிக் குடுங்கம்மா, நான் வாசிச்சுர்றேன்" என்றார்.

என் வீட்டுக்காரரும் எழுது என்றார். நானும் போனை எடுத்துவிட்டேன். முதல் வரியை அடிக்கும்போதே நின்றுவிட்டேன். நான் கண்டதை அவர் வாயால் சொன்னால் அது அவருடைய இரண்டாவது கணிப்பு ஆகிவிடும். மரியாதையாக வாசிப்பார், மரியாதையாக நன்றி சொல்வார், முடிந்தது. பயமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"நானே சொல்றேன்" என்றேன்.

மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரித்தார். அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண் அவர் தொடையைத் தட்டினாள். நான் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அவசரமில்லை. அவர் கீழே குனிந்த பிறகு தொடர்ந்தேன்.

"அந்தத் துண்ட மறுபடி போடுங்க. தபேலா வேணாம். காதுக்கு வேல குடுத்தா கண்ணு சரியாப் பாக்காது."

செயலாளர் புரொஜெக்டர் பக்கம் போனார். இளைஞர்கள் இருவரும் வாத்தியத்திலிருந்து கையை எடுத்தார்கள். படம் ஓடியது. எழுபது பேருக்கும் அன்று முதல் முறையாக அது உண்மையிலேயே சத்தமில்லாத படமாக இருந்தது.

"இப்பப் பாருங்க, வலது பக்கம் பாப்பாரு" என்றேன். பார்த்தார். "தலைய ஆட்டுவாரு." ஆட்டினார். "இப்பத்தான் நெஞ்சுல கைய வைப்பாரு." வைத்தார். "மறுபடி கேப்பாரு. அழுகவான்னு கேக்குறாரு. அழுன்னு சொல்லியாச்சு. இந்தா அழுகுறாரு."

மூன்றாவது தடவை நான் சொல்வதற்கு முன்னாலேயே ஹாலில் இருந்தவர்களின் கண்கள் வலது பக்கம் போய்விட்டன. திரையில் இல்லாத ஆளை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படம் நின்றதும் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்தார். எனக்குத் தெரிகிற மாதிரி நேராக நின்று பேசினார். "இது ஒங்க ஊகம்தானம்மா? ஆதாரம் என்ன?"

"ஊகந்தாங்கய்யா. நாணம்னு எழுதியிருக்கே, அதுவும் ஊகந்தான். ஆனா இந்தப் பார்வைய நான் நாப்பது வருசமாப் பாத்துட்டிருக்கேன், என் முகத்துலயும் இருக்கு. கல்யாண வீட்டுல எப்ப எந்திரிக்கணும், எப்பச் சிரிக்கணும், எப்ப வாய மூடணும்னு எங்களுக்குப் பக்கத்துல ஒரு ஆள் நின்னு சொல்லும். நாங்க பாத்துட்டுத் தலையாட்டிட்டுச் செய்வோம். அது வெக்கம் இல்லங்கய்யா. தப்பாப் போயிருமோங்கிற பயம்."

இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை வலித்தது. இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிப் பல வருஷமாகிவிட்டது. பெரியவர் உட்கார்ந்தார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை, அவருடைய முகம் அதைச் சொல்லவில்லை. செயலாளர் தன் குறிப்பை எடுத்து, அந்த வரியின் ஓரத்தில் பேனாவால் ஒரு கேள்விக்குறி போட்டார். அடித்துவிடவில்லை. எனக்கு அது போதாதுதான், ஆனாலும் அவர் போட்டதைப் பார்த்தேன். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். தரையில் இருந்த ஆறு பேரும் கைகளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார்கள். பாய் மட்டும் காலையும் தட்டினார்.

யாரோ அதைப் போனில் பிடித்திருக்கிறார்கள். மறுநாள் சாயந்திரம் நான் அச்சகத்தில் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் அந்த வீடியோ வந்துவிட்டது. சின்னத் திரையில் நான் வாயைத் திறந்து மூடுவது தெரிந்தது. என் சொந்த வீடியோவும் எனக்கு ஊமைப் படம்தான். பக்கத்து சீட்டில் வேலை பார்க்கும் பெண் அதைத் தன் போனில் ஓடவிட்டு, முகத்தைச் சுளிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்கவில்லை.

சிறிது நேரத்தில் அண்ணனிடமிருந்து தனியாக ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் பாஷையை யாரும் டைப் அடிப்பதில்லை என்பதால் தமிழில்தான் எழுதுவார். "எல்லாரும் பாத்துட்டாங்க. கொரல் ரொம்பச் சத்தமா இருக்கு."

"பின் வரிசைக்குக் கேக்கணும்ல" என்று பதில் அடித்துவிட்டு, பிழை திருத்த உட்கார்ந்தேன்.